இன்ஜெக்‌ஷன் காரில் பைக் கார்புரேட்டர்: பின்னோக்கிப் போகும் ஒரு வழியின் வரலாறு



திண்டிவனத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டார். பதினைந்து வருஷத்துக்கு மேலான ஒரு பெட்ரோல் கார் அவரிடம் வந்திருக்கிறது. எஞ்சின் நன்றாக இருக்கிறது. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது. புதுப் பெட்டி விலை கேட்டால், வண்டியை விற்றால் வரும் பணத்தில் பாதி. வெளிநாட்டில் இன்ஜெக்‌ஷனைக் கழற்றிப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரை மாட்டி ஓட்டுகிறார்களாம், வீடியோவில் பார்த்திருக்கிறார். "செய்யலாமா சார்? அறிவியல் நீங்கதானே எடுத்தீங்க!" என்றார்.

ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எல்லோருக்கும் எழுதுகிறேன். நீளமான பதிவுதான். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னப் பாடம். டம்ளரில் தண்ணீர் வைத்து, அதில் ஓர் உறிஞ்சுகுழலைச் செங்குத்தாக நிறுத்தி, இன்னொரு குழலால் அதன் வாய்க்குக் குறுக்கே வேகமாக ஊதச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? தண்ணீர் தானாக மேலே ஏறி எதிரே இருப்பவன் முகத்தில் தூறலாக அடிக்கும். வகுப்பே சிரிக்கும். பூச்சி மருந்து அடிக்கும் கைப்பம்பிலும் நடப்பது இதுதான். கார்புரேட்டர் என்பதும் இதுதான். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாகப் போகும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அங்கே இருக்கும் நுண்துளை வழியாகப் பெட்ரோல் மேலேறித் தூறலாகிக் காற்றோடு கலக்கிறது. அந்தத் துளைக்குப் பெயர் ஜெட். குறுகிய தொண்டைக்குப் பெயர் வென்டுரி, இத்தாலிய இயற்பியலாளர் ஒருவரின் பெயர் அது. பெட்ரோல் மட்டம் எப்போதும் ஒரே அளவில் நிற்க ஒரு மிதவை. நம் வீட்டு மேல்தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் மூடிக்கொள்ளும் மிதவை வால்வு போல. இவ்வளவுதான் கார்புரேட்டர்.

கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்கு 1886-ல் காப்புரிமை வாங்கியபோது இந்தத் தூறல் முறை இல்லை. பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றை ஓட்டி, ஆவியை வாரிக்கொண்டு போகும் முறைதான் இருந்தது. ஜெட் வைத்துத் தெளிக்கும் முறையை 1893 வாக்கில் கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் மேபாக் என்ற ஜெர்மானியர். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் உலகத்துக் கார்கள் பெரும்பாலும் இந்தத் தூறலில்தான் ஓடின.

நம் பக்கத்துக்கு வருவோம். எஞ்சினுக்கு ஊட்டும் முறையை மாற்றி ஓட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. அப்போது வந்ததுதான் கரி பஸ். பஸ்ஸின் பின்புறம் இரும்புக் கொப்பரை போல ஓர் அடுப்பு. அதில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரிய விடுவார்கள். அரைகுறையாக எரிந்த கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதைக் குளிரவைத்து, தூசு வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட்டார்கள். கார்புரேட்டர் செய்த வேலையைக் கரி அடுப்பு செய்தது. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இந்தக் கரிவாயு அடுப்பைத் தானே தயாரித்துத் தன் பஸ்களை நிற்காமல் ஓட்டியது.

என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். காலையில் வண்டி கிளம்பும் முன் கிளீனர் பையன் துருத்திச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோவானாம். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டும். பெட்ரோலில் கிடைக்கும் இழுவை கரிவாயுவில் கிடைக்காது. ஆனாலும் வண்டி ஓடியது. போர் முடிந்ததும் பெட்ரோல் பஞ்சம் உடனே தீர்ந்துவிடவில்லை. அந்த நெருக்கடியான காலத்தில்தான், 1947 மார்ச்சில், நம் ஊர் ஓமந்தூரார் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றார். அப்போது அந்தப் பதவிக்குப் பிரதமர் என்று பெயர். சென்னை நகரில் அரசே பஸ் ஓட்டத் தொடங்கியதும் அதே 1947-ல்தான்.

கரி பஸ்ஸிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். வேறு வழி இல்லாதபோது மனிதன் எதையும் மாற்றி ஓட்டுவான். வேறு வழி வந்ததும் அதைக் கழற்றிப் போட்டுவிடுவான். கரி அடுப்பின் மேல் யாருக்கும் காதல் இருந்ததில்லை.

அதே போரில் இங்கிலாந்தில் நடந்த ஒரு கதையை, குறிப்பாக என் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் போர் விமானங்களில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினுக்குக் கார்புரேட்டர். ஜெர்மானிய விமானங்களுக்கு நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். ஜெர்மன் விமானி சட்டென்று மூக்கைக் கீழே குத்திப் பாய்ந்து தப்புவான். பின்தொடரும் பிரிட்டிஷ் விமானி அதேபோல் குத்தினால், கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் கிண்ணத்தின் மேல்பக்கம் எழும்பி, எஞ்சின் திக்கித் திணறும். உயிர் போகும் நேரத்தில் எஞ்சின் இருமினால் என்ன ஆகும்?

இதற்கு உடனடி வழி கண்டவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். நடுவில் அளவான துளை போட்ட ஒரு சின்ன உலோகத் தகடு, அவ்வளவுதான். எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அதற்கு மேல் போகவிடாமல் அந்தத் துளை தடுத்தது. 1941-ல் அவரும் குழுவினரும் விமானதளங்களுக்குப் போய் அந்தத் தகடுகளைப் பொருத்தினார்கள். இந்த அம்மையார் அதற்கு முன் 1930-களில் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். பைக் கார்புரேட்டரைக் கையால் பிரித்துப் பழகிய கை அது.

நம் ஊர் வேகத்தின் கதையையும் சொல்லவேண்டும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1950-களில் தொடங்கிச் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தினர் அங்கே கார், பைக் பந்தயங்கள் நடத்தினார்கள். பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே வந்தது. கோயம்புத்தூரில் கரிவரதன் என்பவர் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து, ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். 796 சி.சி., மூன்று சிலிண்டர். நாம் குடும்பத்தோடு கோயிலுக்குப் போன அதே எஞ்சின்! பின்னாளில் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன நாராயண் கார்த்திகேயன், தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பந்தயக்காரர்கள் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே கார்புரேட்டர் என்றால், ஒரே கிணற்றில் நான்கு வீட்டுக்காரர்கள் தண்ணீர் எடுப்பது மாதிரி. சிலிண்டருக்கு ஒரு தொண்டை என்று கொடுத்தால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும், மிதித்ததும் பாயும். உலகம் முழுக்க இதற்குப் பேர்போனது இத்தாலியின் வெபர் கார்புரேட்டர். ஆனால் விலை யானை விலை.

இதற்குள் சாலையில் ஓடும் கார்களில் பெரிய மாற்றம் வந்துவிட்டது. 1967-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பை ஃபோக்ஸ்வாகன் காரில் கொண்டுவந்தது. இந்த மாற்றத்தை எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கியது புகை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற வடிகட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று என்ற கணக்கில் கலவை இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். கார்புரேட்டருக்கு அவ்வளவு துல்லியம் சாதாரணமாக வராது. வெயிலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, ஊட்டி மலைக்கு ஒன்று என்று மாறும். கம்ப்யூட்டரோ, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி திருத்திக்கொள்ளும்.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தன. 2000-ல் புகை விதிகள் இறுகின. மாருதி 800-ம் அந்தச் சமயத்தில்தான் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. பெரும்பாலான பைக்குகள் மட்டும் இன்னும் இருபது வருஷம் கார்புரேட்டரிலேயே ஓடின. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்தபோது புது பைக்குகளிலும் அது பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் மறைமலை நகரைத் தாண்டுகிறோமே, அங்கே யுகால் தொழிற்சாலை இருக்கிறது. ஜப்பானின் மிகுனி நிறுவனத்தோடு சேர்ந்து கார்புரேட்டர் செய்து பெயர் எடுத்த இடம். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக நாம் தாண்டிப் போனது ஒரு காலத்தின் மூச்சுக்குழலை.

இனி மாணவர் கேட்ட விஷயம். இங்கிலாந்தில் ஏன் பைக் கார்புரேட்டரைக் காரில் மாட்டினார்கள்?

ஜப்பானிய நான்கு சிலிண்டர் பெரிய பைக்குகளில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு கார்புரேட்டர்கள், ஒரே வரிசையாக, ஒரே கம்பியில் திறக்கும்படி வரும். சுசுகி 750 பந்தய வகை பைக் 1998-ல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. யமஹா ஆர்1 2002-ல் மாறியது. கார்புரேட்டர் வைத்த பழைய பைக்குகள் விபத்தில் அடிபட்டு உடைப்புக் கடைக்கு வந்தபோது, நான்கு தொண்டை வரிசை மலிவாகக் கிடைத்தது. வெபர் வாங்க வசதியில்லாதவர்கள் அதை எடுத்துத் தங்கள் கார் எஞ்சினில் மாட்டினார்கள். வீட்டுக் கொட்டகையில் தாங்களே கட்டிய சின்னப் பந்தய வண்டிகள், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் கார்கள் இவற்றில்தான் இது பரவியது. ஏழைகளின் வெபர் என்றே சொல்லலாம்.

அளவு பொருந்துமா? கணக்குப் போடுங்கள். நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சு இழுக்கும். ஆர்1 பைக்கில் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 250 சி.சி. நிமிடத்துக்கு 10,000 சுற்றில் 5,000 மூச்சு. அதாவது நிமிடத்துக்கு 1,250 லிட்டர் காற்று. 1,600 சி.சி. காரில் ஒரு சிலிண்டர் 400 சி.சி. 6,000 சுற்றில் 3,000 மூச்சு. 1,200 லிட்டர். பாருங்கள், அச்சாகப் பொருந்துகிறது! இது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

நம் ஊர் 150 சி.சி. பைக் கார்புரேட்டரை எடுத்துப் பார்ப்போம். 8,500 சுற்றில் 4,250 மூச்சு, சுமார் 640 லிட்டர். 1,200 சி.சி. காரின் ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி., 6,000 சுற்றில் 900 லிட்டர் வேண்டும். போதாது. வண்டி ஓடும், ஆனால் வேகத்தில் மூக்கடைத்த குழந்தை மாதிரி இழுக்கும். தனித்தனியாக வாங்கிய நான்கு கார்புரேட்டர்களை ஒரே நேரத்தில், ஒரே அளவில் திறக்க வைப்பது அதைவிடப் பெரிய தலைவலி.

அளவு பொருந்தினாலும் வேலை முடிந்துவிடாது. வீடியோவில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். பட்டறையில் நடப்பது வேறு. இந்த நான்கையும் கவனியுங்கள்.

முதலாவது, பெட்ரோல் அழுத்தம். இன்ஜெக்‌ஷன் காரின் டேங்கில் இருக்கும் மின்பம்பு சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளும். கார்புரேட்டருக்கு வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, 0.2 பார் அளவு. பழைய பம்பையே விட்டுவைத்தால் மிதவையின் ஊசி அந்த அழுத்தத்தைத் தாங்காது. பெட்ரோல் பொங்கி வழியும். கீழே பழுக்கக் காய்ந்த புகைக்குழாய். அடுத்து என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. குறைந்த அழுத்தப் பம்பு வைக்காமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

இரண்டாவது, தீப்பொறி. எல்லோரும் மறப்பது இதைத்தான். கம்ப்யூட்டர் பெட்டி பெட்ரோலை மட்டும் அளக்கவில்லை, பிளக்கில் எப்போது பொறி வரவேண்டும் என்பதையும் அதுதான் சொல்கிறது. பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் அந்த வேலையைச் செய்தது. இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. பெட்டி போனதால் கார்புரேட்டர் மாட்டுகிறோம் என்றால், பொறிக்கு யார் நேரம் சொல்வது? இங்கிலாந்துக்காரர்கள் அதற்குத் தனியாக ஒரு மின்னணுப் பெட்டியும், கிராங்கில் பல்சக்கரமும் பொருத்துகிறார்கள். கம்ப்யூட்டரிலிருந்து தப்பிக்கப் போய் இன்னொரு கம்ப்யூட்டரில்தான் வந்து நிற்கிறார்கள்.

மூன்றாவது, ஜெட். பைக்குக்கு அளந்த துளை காருக்குப் பெரும்பாலும் போதாது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் எஞ்சின் சூடேறும், தட்டும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்வரை கொண்டுபோய்விடும். கலவையை அளக்கும் கருவி வைத்து, ஓட்டிப் பார்த்து, ஜெட் மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டும். பிறகு நான்கு தொண்டைகளும் ஒரே அளவில் இழுக்கின்றனவா என்று வெற்றிட மானி வைத்துச் சமன்செய்ய வேண்டும்.

நான்காவது, பிரேக். காரின் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் பூஸ்டர், எஞ்சினின் உறிஞ்சு குழாயிலிருந்துதான் வெற்றிடம் எடுக்கிறது. குழாயை மாற்றும்போது அந்த இணைப்பை ஒழுங்காகச் செய்யாவிட்டால் பிரேக் மிதி கல் மாதிரி இறுகிவிடும். புதுச்சேரி நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி சட்டென்று நின்றால்?

இவற்றோடு சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. புகைப் பரிசோதனையில் பி.எஸ்.4 பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு அளவு 0.3 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். அதற்கு முந்தைய பி.எஸ்.2, பி.எஸ்.3 கார்களுக்கு 0.5 சதவீதம். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சரியாக வேலை செய்யவிடாத கார்புரேட்டரால் அதைத் தாண்டுவது கடினம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பானெட்டைத்தான் திறந்து பார்ப்பார். அந்த நேரத்தில் வண்டிக்காரரும் பட்டறைக்காரரும் ஒரே பெஞ்சில் உட்காரவேண்டி வரும்.

ஆகவே மாணவருக்கு நான் சொன்னது இது. தம்பி, பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டி என்றால், பம்பு, பொறி, ஜெட், பிரேக் நான்கையும் முறையாகச் செய்யத் தெரிந்தால், தாராளமாகச் செய். அது ஒரு நல்ல படிப்பு. ஒரு குடும்பம் பிள்ளைகளோடு ஏறப்போகும் வண்டிக்கு வேண்டாம். அதே மாடல் வண்டி உடைப்புக் கடைக்கு வந்திருந்தால் அதன் பெட்டி கிடைக்கும். ஆனால் திருட்டுத் தடுப்புச் சாவிப் பூட்டு அதோடு ஒத்துப்போகவேண்டும், அதை விசாரித்துவிட்டு வாங்கு. பெட்டியைப் பிரித்துப் பழுதுபார்ப்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால், போனது பெட்டிதானா என்று உறுதி செய். எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலும், ரிலே போயிருந்தாலும் பெட்டி செத்த மாதிரியே காட்டும்.

அவர் சிரித்துவிட்டு, "அந்தக் காலத்துல ஒரு ஸ்க்ரூடிரைவரும் காதும் இருந்தா போதும் சார். இப்போ எல்லாத்தையும் பூட்டி வெச்சுட்டாங்க" என்றார். அந்த வருத்தம் நியாயமானது. சத்தத்தைக் கேட்டே கலவையைத் திருத்திய மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும். எழுத்தே சரியாக வராத ஒருவர், சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். இன்று ஸ்கேனரும் அதற்கான மென்பொருளும் இல்லாவிட்டால் சின்னப் பட்டறைக்காரர் வெளியே நிற்கவேண்டியதுதான். பழுதுபார்க்கும் உரிமை என்று வெளிநாடுகளில் பேசுகிறார்களே, அது நம் திண்டிவனத்துப் பட்டறைக்கும் சோறு போடும் பேச்சு.

ஆனால் அந்த வருத்தத்துக்கு மருந்து கார்புரேட்டருக்குத் திரும்புவதில் இல்லை. கரி அடுப்பை ஊதிய கை, கார்புரேட்டரைக் கற்றது. கார்புரேட்டரைக் கற்ற கைதான் இன்று மல்டிமீட்டரைப் பிடிக்கவேண்டும். உறிஞ்சுகுழலில் தண்ணீர் ஏறியது ஏன் என்று புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஆக்சிஜன் சென்சார் என்ன சொல்கிறது என்பதும் புரியும். ஐ.டி.ஐ.யில் படிக்கும் பேரப்பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். பழைய பைக் கார்புரேட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். கற்பதற்கு அதைவிட நல்ல பொருள் இல்லை.

ஒரு வேண்டுகோள். கரி பஸ்ஸில் ஏறியவர்கள், அல்லது ஏறியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் யாராவது நம் கிளியனூர், மயிலம், வானூர் பக்கம் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த வழித்தடம், எந்த மேட்டில் இறங்கித் தள்ளினார்கள் என்று எழுதினால் இன்னும் நல்லது. அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்துகொண்டே வருகிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
ஓமந்தூர்.